உடம்பு இளைக்கும் மருந்து

வாரத்திற்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டால் உடம்பு தானே இளைத்துப் போகுமாம் என்கின்ற பேச்சு இப்போது பட்டணத்துப் பங்களாக்களைத் தாண்டி, ஜில்லாத் தலைநகரங்களின் மருந்துக் கடைகளுக்கும், அங்கிருந்து கிராமத்து டீக்கடைப் பெஞ்சுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. டிர்செபடைடு என்னும் மருந்து மௌஞ்சாரோ என்கின்ற பெயரால் 2025 மார்ச்சு மாதத்திலும், செமாக்ளூடைடு என்னும் மருந்து எடைக் குறைப்புக்கென்றே வெகோவி என்கின்ற பெயரால் அவ்வருஷம் ஜூன் மாதத்திலும் இந்நாட்டில் விற்பனைக்கு வந்தன. வந்தது முதல் ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசி வருகின்றார்கள். ஒரு கட்சியார் இதை அமிர்தம் என்கின்றார்கள். மற்றொரு கட்சியார், "வாயைக் கட்டத் தெரியாத சோம்பேறிகளுக்கு ஏற்பட்ட குறுக்கு வழி" என்கின்றார்கள். நம்மைக் கேட்டால் இரண்டு கூட்டத்தாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்றுதான் சொல்லுவோம். முதல் கூட்டத்தார் மருந்தை விசாரியாமல் கும்பிடுகின்றார்கள். இரண்டாவது கூட்டத்தார் வியாதியஸ்தனை விசாரியாமல் தண்டிக்கின்றார்கள்.

இந்த இரண்டாவது கட்சியாரின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்ளுவோம். பருத்த சரீரமுடைய ஒருவனைக் கண்டவுடன் நம் ஜனங்கள் என்ன சொல்லுகின்றார்கள்? "தின்கிறான், தூங்குகிறான், வேறென்ன?" என்கிறார்கள். குஷ்டரோகியைக் கண்டு "முன் ஜன்மத்துப் பாவம்" என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொல்லுகின்றது. குஷ்டம் ஒரு கிருமியால் உண்டாவது என்று நார்வே தேசத்து ஹான்சன் என்னும் வைத்தியர் 1873-லேயே கண்டுபிடித்துச் சொல்லியும், நம் ஊரில் அந்தப் பாவக் கதை எத்தனை காலம் உயிரோடிருந்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும். பருமன் விஷயத்திலும் இப்போது அதே கதைதான் நடக்கின்றது. பாவம் என்பதற்குப் பதில் நாக்கு ருசி என்று பெயர் மாற்றியிருக்கின்றார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

விஷயம் என்ன? சரீரத்திலுள்ள கொழுப்பு மூளைக்கு "போதும், நிறைந்திருக்கின்றது" என்று சேதி அனுப்புகின்ற லெப்டின் என்கின்ற ஒரு சுரப்பை 1994-ல் அமெரிக்காவில் ஜெப்ரி பிரீட்மன் என்பவரின் ஆராய்ச்சிக் கூட்டத்தார் எலிகளிடத்தில் கண்டுபிடித்தார்கள். 1997-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் வைத்தியர்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். ஒன்றுக்கு எட்டு வயது, எடை 86 கிலோ. மற்றொன்றுக்கு இரண்டே வயது, எடை 29 கிலோ. அந்தக் குழந்தைகள் பிறவியிலேயே லெப்டின் சுரக்காதவர்கள். எவ்வளவு தின்றாலும் மூளைக்குப் "போதும்" என்கின்ற சேதியே போய்ச் சேராது. பெரிய குழந்தைக்கு அந்தச் சுரப்பையே ஊசி வழியாகக் கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் 16 கிலோ இறங்கிற்று. இரண்டு வயதுக் குழந்தைக்கு மன உறுதி இல்லை என்று எந்தப் புத்திமானாவது சொல்லத் துணிவானா? இப்பேர்ப்பட்ட குறை வெகு அபூர்வமானது என்பதும், ஊரிலுள்ள பருமனெல்லாம் இதனால் வந்ததல்ல என்பதும் உண்மைதான். ஆனால் பசி என்பது சுரப்புகளாலும் நரம்புகளாலும் நடக்கின்ற ஒரு வேலை என்பதும், அது ஆளுக்கு ஆள் பிறப்பிலேயே வித்தியாசப்படுகின்றது என்பதும், ஒருவன் பட்டினி கிடந்து இளைத்தால் சரீரமே பசியை மூட்டிப் பழைய எடைக்கு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கின்றது என்பதும் இதன் பிறகு நடந்த ஆராய்ச்சிகளால் விளங்கிவிட்டன.

இது பணக்காரன் வியாதி என்று நினைத்துக்கொண்டு அலட்சியம் செய்வதும் பிசகு. 2019-21-ல் சர்க்கார் நடத்திய தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வயது வந்த பெண்களில் நூற்றுக்கு 40.4 பேரும், ஆண்களில் நூற்றுக்கு 37 பேரும் இருக்கவேண்டிய எடைக்கு மேற்பட்டவர்களாயிருக்கின்றார்கள். நூற்றுக்கு நாற்பது பேர் என்றால் அத்தனை பேரும் மிராசுதாரர்களா? தீட்டின வெள்ளையரிசிச் சோறும், எண்ணெய்ப் பலகாரமும், சர்க்கரை போட்ட தேத்தண்ணியுமே மலிவாய்க் கிடைக்கின்றன. வேலையோ பகல் முழுதும் தையல் மெஷின் முன்போ, கல்லாப் பெட்டியின் முன்போ, லாரி ஓட்டும் ஆசனத்திலோ உட்கார்ந்து செய்வதாகிவிட்டது. இந்நிலையில் உழைப்பாளியின் வயிறும் பெருக்கத்தான் செய்யும். அதிலும் நம் தேசத்தாருக்கு மொத்த எடை அதிகமில்லாவிட்டாலும் வயிற்றுக்குள் கொழுப்புச் சேர்ந்து சர்க்கரை வியாதியும் இருதய வியாதியும் சீக்கிரம் வந்துவிடுகின்றன. ஆண்களுக்கு இடுப்பின் சுற்றளவு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டினால் எச்சரிக்கையாயிருக்கவேண்டுமென்று வைத்தியர்கள் சொல்லுவது இதனால்தான். சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் பத்துக் கோடிக்கு மேல். தொந்தியை லட்சுமி கடாக்ஷம் என்று தடவிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது.

இனி மருந்தின் விஷயத்திற்கு வருவோம். நாம் சாப்பிட்டவுடன் நம் குடலிலிருந்து ஜி.எல்.பி.-1 என்கின்ற ஒரு சுரப்பு ரத்தத்தில் கலந்து, சர்க்கரையை அடக்கும் இன்சுலினைத் தூண்டுகின்றது. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றது. மூளையில் பசியைக் குறைக்கின்றது. ஆனால் அது சில நிமிஷங்களில் அழிந்துவிடும். அழியாமல் நிற்கக்கூடிய அதைப்போன்ற வேறொரு பொருளை அமெரிக்க வைத்தியர் ஜான் எங் என்பவர் 1992-ல் கண்டுபிடித்தார். எங்கே கண்டுபிடித்தார் என்றால், கிலா என்னும் பெரிய விஷப் பல்லியின் நஞ்சில்! நம் பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனுக்கென்று தனிப் பக்கமே ஒதுக்கி, தலையில் விழுந்தால் இன்னது, தோளில் விழுந்தால் இன்னது என்று அச்சடித்து விற்றுக்கொண்டிருக்கின்றோம். அவர்கள் பல்லியின் நஞ்சைச் சோதித்துப் பார்த்தார்கள். அதிலிருந்து சர்க்கரை வியாதிக்கென்று ஒரு ஊசி மருந்து 2005-ல் வந்தது. அந்த வழியிலேயே மேலும் மேலும் சோதித்து, வாரம் முழுதும் சரீரத்தில் தங்கும்படியாகச் செய்யப்பட்டவைதான் இப்போதைய மருந்துகள்.

இதனால் பிரயோஜனம் உண்டா என்றால், உண்டு. எப்படிச் சோதித்தார்கள் என்பதையும் வாசகர்கள் அறியவேண்டும். செமாக்ளூடைடுக்காக 1961 பேரைச் சேர்த்து, சிலருக்கு மருந்தும் சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசியும், யாருக்கு எது என்று போட்டுக்கொள்ளுகின்றவருக்கும் வைத்தியருக்கும் தெரியாதபடி, 68 வாரம் கொடுத்தார்கள். பத்தியமும் தேகப்பயிற்சியும் இருதரத்தாருக்கும் சொல்லப்பட்டது. ஆரம்பத்தில் அவர்களுடைய சராசரி எடை 105 கிலோ. முடிவில், மருந்து பெற்றவர்கள் சராசரியாக நூற்றுக்கு 14.9 பங்கு எடை குறைந்தார்கள். வெறும் ஊசிக்காரர்கள் 2.4 பங்குதான் குறைந்தார்கள். இது 2021-ல் வெளிவந்தது. டிர்செபடைடை 2539 பேரிடம் 72 வாரம் சோதித்ததில் மிகுந்த அளவு மருந்து பெற்றவர்களுக்கு 20.9 பங்கு குறைந்ததாக 2022-ல் வெளியாயிற்று. "எனக்குக் குணமாயிற்று" என்று நாலு பேர் போட்டோவைப் போட்டு லேகியம் விற்பதற்கும் இதற்கும் உள்ள தாரதம்மியத்தைத் தோழர்கள் கவனிக்கவேண்டும்.

எடை குறைவது மாத்திரம் ஒரு லாபமல்ல. முன்னமே இருதய நோயோ பக்கவாதமோ கண்டு, பருமனாயுமிருந்த, ஆனால் சர்க்கரை வியாதியில்லாத 17,604 பேரிடம் செமாக்ளூடைடு சோதிக்கப்பட்டது. மூன்று வருஷத்திற்குமேல் கவனித்ததில், மருந்தில்லாதவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது இருதய நோயால் மரணம் ஏற்பட்டது. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு ஆறரைப் பேருக்கு ஏற்பட்டது. இது 2023-ல் வெளியானது. ஒன்றரைப் பேர் என்பது கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றலாம். அந்த ஒன்றரைப் பேரில் ஒருவர் நம் வீட்டாராயிருந்தால் அப்படித் தோன்றாது. இச்சோதனைகளுக்குப் பணம் கொடுத்தவர்கள் இம்மருந்தைச் செய்து விற்கின்ற கம்பெனிக்காரர்களே என்பதையும் கூடவே நினைவில் வைத்துக்கொள்ளவேண்டியதுதான். அதனால் கணக்கு பொய்யாகிவிடாது. ஆனால் விற்கின்றவன் நல்லதை முன் பக்கத்திலும் கெட்டதைப் பின் பக்கத்திலும் போடுவான் என்பது உலக வழக்கமாதலால், பின் பக்கத்தையும் திருப்பிப் பார்க்கவேண்டியது வாங்குகின்றவன் கடமை.

நிற்க. இளைக்கும் மருந்துகளின் பூர்வ கதை மிகவும் கேவலமானது. முதல் உலக யுத்தத்தில் பிரெஞ்சு வெடிமருந்துச் சாலைகளில் வேலை செய்த தொழிலாளிகள் டைநைட்ரோபீனால் என்கின்ற சரக்கின் புழுதியை முகர்ந்து, ஜுரம் கண்டு, இளைத்து, சிலர் செத்தும் போனார்கள். செத்தவர்களைப் பற்றிக் கவலைப்படாமல், இளைத்ததை மாத்திரம் கவனித்துக்கொண்டு, 1933-ல் அமெரிக்காவில் அதையே பருமனுக்கு மருந்தென்று கொண்டு வந்தார்கள். கொஞ்ச காலத்திற்குள் லட்சம் பேர் அதைத் தின்றார்கள் என்று மதிப்பிடப்பட்டது. அது சரீரத்தை உள்ளுக்குள்ளேயே அடுப்பாக எரிக்கின்ற சரக்கு. பலருக்குக் கண்ணில் புரை விழுந்து பார்வை போயிற்று. சிலர் உடல் கொதித்தே மாண்டார்கள். 1938-ல் அங்கே புதிய மருந்துச் சட்டம் வந்த பிறகுதான் அது ஒழிக்கப்பட்டது. அதையும் இன்று கம்பியில்லா வலையின் வழியாகத் திருட்டுத்தனமாக விற்கின்றார்கள். வாங்கித் தின்று சாகின்றவர்களும் இருக்கின்றார்கள். பிறகு ஐரோப்பாவில் அமினோரெக்ஸ் என்று ஒன்று வந்து, நுரையீரல் ரத்தக் குழாயைக் கெடுத்து, 1968-ல் நின்றது. பென்புளூரமின் இருதய வால்வைக் கெடுத்து 1997-ல் நின்றது. ரிமோனபான்ட் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் உண்டாக்கியதால் 2008-ல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டு, 2009-ல் இந்தியாவிலும் தடுக்கப்பட்டது. சிபுட்ரமின் 2010-ல் மேல்நாடுகளிலும் அடுத்த வருஷம் இங்கேயும் போயிற்று. இவ்வளவும் வந்த காலத்தில் அற்புதமென்றே விற்கப்பட்டவைதான்.

இப்போதைய மருந்து அந்த ஜாதியைச் சேர்ந்ததல்ல. இதன் இனத்தைச் சேர்ந்த மருந்துகள் 2005 முதல் சர்க்கரை வியாதிக்காரர்களிடம் பழகி வருபவை. என்றாலும் கெடுதி இல்லாத மருந்தல்ல. குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல் ஆகியவை அநேகருக்கு வரும். மருந்தைச் சிறு அளவில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் அடங்கும். பித்தப்பையில் கல் உண்டாகலாம். கணையம் வீங்கி வயிற்றுவலி முதுகுவரை பாயலாம். அப்போது ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். செமாக்ளூடைடால் கண் நரம்பில் ரத்த ஓட்டம் நின்று பார்வை கெடுவது, வெகு அபூர்வமானாலும், பதினாயிரத்தில் ஒருவருக்கு வரை வரக்கூடுமென்று ஐரோப்பிய மருந்து அதிகாரிகள் 2025-ல் தெரிவித்தார்கள். தைராய்டில் மெடுல்லரி என்னும் வகைப் புற்றுநோய் தமக்கோ குடும்பத்தாருக்கோ வந்திருந்தால் இதைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ளக்கூடாது, செமாக்ளூடைடைக் கர்ப்பம் தரிக்க எண்ணுவதற்கு இரண்டு மாதம் முன்னமேயே நிறுத்திவிடவேண்டும். இன்சுலினோடு சேர்த்துப் போடுகின்றவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். இளைப்பதில் கொழுப்போடு தசையும் ஒரு பங்கு போகின்றது. பருப்பும் முட்டையும் மீனும் சரியாய்ச் சாப்பிடாமல், கைகாலுக்கு வேலையும் கொடுக்காமல், ஊசியை மாத்திரம் நம்புகின்ற கிழவர், இளைத்த பிறகு நாற்காலியிலிருந்து எழுந்திருக்க ஆள் தேடவேண்டியிருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயத்தை விற்கின்றவர்கள் மெதுவாகத்தான் சொல்லுகின்றார்கள். மருந்தை நிறுத்தினால் எடை திரும்ப வந்துவிடும். முன் சொன்ன செமாக்ளூடைடு சோதனையில் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியாரை, மருந்தை நிறுத்தி ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியிருந்தது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுவதுபோல இதையும் வெகு காலம், ஒருவேளை ஆயுள் முழுதும், போடவேண்டியிருக்கும் என்பதே இதன் அர்த்தம். மௌஞ்சாரோ வந்த சமயத்தில் மிகச் சிறிய அளவுக் குப்பி ஒன்றுக்கு விலை 3,500 ரூபாய், அதற்கு அடுத்த அளவுக்கு 4,375 ரூபாய். மாதத்திற்கு நாலு குப்பி. ஒரு நெசவாளி மூன்று மாதம் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு, பிறகு பணமில்லாமல் நிறுத்தி, பழையபடி பருத்தால் அவனுக்கு மிச்சமாவது என்ன? கடன் மாத்திரந்தான்.

இவ்வளவுக்கும் நடுவில் வியாபாரத்தின் யோக்கியதையைப் பாருங்கள். வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்தை அழகு நிலையங்களிலும், தேகப்பயிற்சிக் கூடங்களிலும், கைபேசிச் சேதி வழியாகவும் தேடுகின்றவர்கள் பெருகுகின்றார்கள். தேடுகின்றவன் இருந்தால் போலிச் சரக்குக்காரனும் இருப்பான். பிரேசில், இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய தேசங்களில் 2023-ல் போலிச் செமாக்ளூடைடு பிடிபட்டு, 2024 ஜூனில் உலக சுகாதார ஸ்தாபனத்தார் எச்சரிக்கை வெளியிட்டார்கள். இங்கிலாந்திலேயே போலி புகுந்ததென்றால் நம் சந்தைக்கு வர எவ்வளவு நேரமாகும்?

மற்றொரு பக்கத்தில் லேகியக்காரர்கள். "ஏழே நாளில் தொப்பை கரையும்" என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் டெலிவிஷனிலும் கைபேசியிலும் விளம்பரம் செய்கின்றார்கள். பருமனைத் தீர்ப்பதாக எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக்கூடாதென்று இந்த நாட்டில் 1954-லேயே சட்டம் செய்தாகிவிட்டது. மந்திரப் பரிகாரங்களையும் ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களையும் தடுக்கின்ற அந்தச் சட்டத்தின் அட்டவணையில் பருமன் பெயரோடு எழுதப்பட்டிருக்கின்றது. சட்டம் புத்தகத்திலும் விளம்பரம் சுவரிலுமாக இரண்டும் சமாதானமாய் வாழ்ந்து வருகின்றன. பலன் என்ன? 2026 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்லூரி மாணவி, உடம்பு இளைக்குமென்று ஒரு காணொலியில் சொன்னதை நம்பி, நாட்டு மருந்துக் கடையில் வெங்காரத்தை வாங்கித் தின்று செத்துப்போனாள் என்று பத்திரிகைகளில் படித்தோம். அந்தப் பெண்ணுக்கு இளைத்துத்தான் ஆகவேண்டுமென்கின்ற எண்ணத்தை உண்டாக்கினவர்கள் யார்?

நாமெல்லோரும்தான். நம் வீடுகளில் பெண் பார்க்க வருகின்றவர்கள் பலகாரத்தைத் தின்றுகொண்டே, "பெண் கொஞ்சம் பூசினாப்போல இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போகின்றார்கள். சொல்லுகின்ற மாமாவின் தொந்தி மேஜையைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதைப்பற்றி யாரும் பேசமாட்டார்கள். முகூர்த்தத்திற்கு மூன்று மாதமிருக்கின்றது, அதற்குள் இளைக்கவேண்டுமென்று ஒரு வியாதியுமில்லாத பெண்ணுக்கு ஊசி போடக் கிளம்புகின்றார்கள். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் மூட்டுவலியுமாய்ப் படியேற முடியாத அவளுடைய தாயாருக்கு அந்த ஊசியால் ஆயுள் கூடக்கூடும், ஆனால் "இந்த வயசிலே அவளுக்கு எதுக்கு?" என்று விட்டுவிடுகின்றார்கள். மருந்து யாருக்கு வேண்டுமோ அவருக்குப் போகாமல், போட்டோவுக்கு நிற்கின்றவருக்குப் போகின்றது. கல்யாணம் முடிந்து மருந்தை நிறுத்தியவுடன் எடை திரும்பினால் புருஷன் வீட்டார் என்ன பேசுவார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. உடம்பைக் காட்டி மனிதரை இழிவு செய்வது, ஜாதியைக் காட்டி இழிவு செய்வதற்குத் தம்பி முறையாகும். சுயமரியாதை உள்ள வீட்டார் பெண் பார்க்க வருகின்றவர்களிடம் இதை வாசற்படியிலேயே சொல்லிவிடலாம்.

இனிச் செய்யவேண்டியது என்ன? செமாக்ளூடைடின் முக்கியமான பேட்டண்டு உரிமை இந்நாட்டில் 2026 மார்ச்சு வரைக்குந்தான் இருந்தது. உரிமை தீர்ந்தபடியால் பல கம்பெனிகள் செய்யலாம். போட்டியால் விலை இறங்கும். விலை இறங்குவது நல்லதுதான். ஆனால் கண்டவன் கண்டபடி போட்டுக்கொள்ளுவதற்கும் அதுவே வழியாய்விடும். ஆகையால் சர்க்கார் இப்போதே முந்திக்கொள்ளவேண்டும். மொத்தமாய் மருந்து வாங்கி ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுப்பதற்கென்று தமிழ்நாட்டில் 1994 முதல் மருத்துவப் பணிகள் கழகம் ஒன்று இருக்கின்றது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கின்ற திட்டமும் 2021-ல் ஏற்பட்டது. வழி ஏற்கனவே வெட்டியிருக்கும்போது, பருமனோடு சர்க்கரையோ இருதய நோயோ உள்ள ஏழைகளுக்கு, வைத்தியர் மேற்பார்வையில், ஜில்லா ஆஸ்பத்திரிகளில் இதைக் கொடுக்க ஏன் கூடாது என்று நாம் கேட்கின்றோம். உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2025 டிசம்பரில் பருமனுக்கு இம்மருந்துகளை ஒப்புக்கொண்டபோது, உணவும் தேகப்பயிற்சியும் கூடவே இருக்கவேண்டுமென்றும், வெகுகால நன்மை தீமை பற்றிய சாக்ஷியம் இன்னும் போதாதென்றும் சேர்த்தே சொன்னார்கள். அந்த நிபந்தனையோடுதான் நாமும் கேட்கின்றோம். பள்ளிக்கூட வாசலில் விற்கின்ற சர்க்கரைத் தண்ணீருக்கும் எண்ணெய்ப் பொட்டலத்துக்கும் ஒரு கட்டுப்பாடுமில்லாமல் விட்டுவிட்டு, பையன் பருத்த பிறகு ஊசி வாங்குவது, கூரைக்குத் தீ வைத்துவிட்டுக் குடத்தைத் தேடுவது போலாகும்.

அதுவரையில், வைத்தியரிடம் போகின்ற தோழர்கள் வாய்மூடி உட்காராமல் கேட்டு வரவேண்டியவை சில உண்டு. எனக்கு இது வேண்டியது எந்த வியாதிக்காக? எத்தனை வருஷம் போடவேண்டும், மாதம் என்ன செலவாகும்? என் தைராய்டு, கணையம், பித்தப்பை, கண் ஆகியவைகளைப் பார்த்தாகிவிட்டதா? நான் இப்போது தின்கின்ற மாத்திரைகளில் எதைக் குறைக்கவேண்டும்? நிறுத்துவதானால் எப்படி நிறுத்துவது? இவைகளுக்குப் பதில் சொல்லாமல் ஊசியை மாத்திரம் எழுதிக் கொடுக்கின்றவரிடம் சீட்டை வாங்கிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிடலாம். அடுத்த தெருவிலும் வைத்தியர் இருக்கின்றார்.